எரர் வராத சனிக்கிழமை

ஜனவரி 5, திங்கள்

லேப்டாப் செத்துவிட்டது. சர்வீஸ்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சுங்க மேடம், புதுசு வாங்கிக்கங்க" என்று கையை விரித்துவிட்டார். புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு, கீழே பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் முடித்து மாடியேறினேன்.

ஆபீஸ் என்றால் ஓர் அறை, இரண்டு மேசை. ஒன்று என்னுடையது. இன்னொன்று நவநீதனுடையது. கல்லூரியில் ஒரே வகுப்பு, அப்புறம் ஆறு வருஷமாக ஒரே கம்பெனி. போன ஜூனில் கல்யாணம் ஆனதிலிருந்து அவன் ஆபீஸ் பக்கம் வருவது அரிது. மேசை முழுக்கத் தூசி. துடைத்து வைத்தேன். எலி கிலி வந்து தொலைக்கக்கூடாதே என்றுதான்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். போன தடவை எதற்குப் பின் எதை ஏற்றினேன் என்று சுத்தமாக மறந்துவிட்டது. அதனால் இந்த முறை எழுதிக்கொண்டே செய்யப் போகிறேன். நான் லாரியில் அடிபட்டுப் போனாலும் அடுத்து வருகிறவர் திட்டாமல் வேலை செய்யட்டும்.

அப்படி வருகிறவருக்கு: இது செங்காளி வாய்க்காலுக்கான பிளாக்செயின். வாய்க்காலில் நாலு மடை. தலைமடை, மேட்டுமடை, நடுமடை, கடைமடை. முறை வைத்துத் தண்ணீர். யார் முறைக்கு எவ்வளவு தண்ணீர் போனது என்று வருஷா வருஷம் மண்டை உடையும். இப்போது ஒவ்வொரு மடையிலும் நீர்மட்டத்தை அளக்கும் கருவி, கூடவே அந்த மடைக்காரர் ஒருவர் வீட்டில் ஒரு பெட்டி. நாலு பெட்டிக்கும் தனித்தனியே ஒரு ரகசியச் சாவி. நாலில் மூன்று சாவி சரியென்றால்தான் கணக்கில் ஒரு வரி ஏறும். ஏறிவிட்டால் அதை அழிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. அதுதான் இதன் அழகு.

31ஆம் தேதி வாய்க்காலை அடைக்கிறார்கள். அதற்குள், முறை தவறிய மடைக்கு "விட்ட முறை" என்று ஒரு தண்ணீர் உண்டு. யாருக்கு என்று 25ஆம் தேதி பாசன சபை முடிவு செய்யும். இந்தத் தடவை அதை சாப்ட்வேரே சொல்ல வேண்டுமாம். சபைத் தலைவர் லோகநாயகி டீச்சர் கேட்டிருக்கிறார்.

ஜனவரி 6, செவ்வாய்

காலையிலிருந்து எரர். ஒன்றுக்குப் பழைய வெர்ஷன் வேண்டுமாம். பழையதைப் போட்டால் இன்னொன்று முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அதைச் சமாதானம் செய்தால் முதலாவதுக்குக் கோபம். கல்யாண வீட்டுக்கு வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் தோற்றார்கள் போங்கள்.

மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

ஜனவரி 8, வியாழன்

நவநீதன் வந்தான். நீலச் சட்டை, புதுசு. அவள் எடுத்துக் கொடுத்திருப்பாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். எனக்கென்ன.

"வாணி, எதுக்கு இவ்ளோ கஷ்டப்படற? டெஸ்ட் டேட்டாவ வெச்சே செஞ்சுரலாமில்ல?" என்றான்.

"விட்ட முறையை டெஸ்ட் டேட்டால எப்படிடா கணக்குப் போடறது? நிஜக் கணக்கோட காப்பி ஒண்ணு வேணும். சர்வர்ல இருந்து எடுத்துக் குடு."

"தர்றேன், தர்றேன்" என்றான். டீ குடித்தான். தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான். தோட்டம் மாமனாருடையது. தலைமடை ராசப்பன்தான் மாமனார். பெட்டிகளை மாட்ட நவநீதன் தனியாகப் போன இடத்தில் பெண் அமைந்துவிட்டது. கல்யாணத்தில் நான்தான் முன்னால் நின்று பந்தி பார்த்தேன். சந்தோஷமாகத்தான் பார்த்தேன்.

ஜனவரி 10, சனி

காப்பி இன்னும் வரவில்லை.

ஜனவரி 12, திங்கள்

அப்பாடா! ஓடுகிறது.

ஒரே லேப்டாப்புக்குள் நாலு மடையையும் உட்கார வைத்துவிட்டேன். அடுத்து வருகிறவர் கவனிக்கவும்: இது சோதனைக்கு மட்டும். சோதனைக்கு நாலு சாவியும் ஒரே ஆளிடம் இருக்கலாம். நான் முன்பே எழுதி வைத்த ஒரு சொற்றொடரிலிருந்து அந்த நாலும் பிறக்கும், எத்தனை தடவை ஓட்டினாலும் அதே நாலு. நிஜத்தில் அப்படி இருந்தால் எல்லாம் கூத்து. அங்கே ஒவ்வொரு மடைக்காரரும் தங்கள் பெட்டியிலேயே தங்கள் சாவியை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்குக்கூடத் தெரியக்கூடாது.

சோதனைக்கு நீர்மட்டம் வேண்டுமே, அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் நான் வாய்க்கு வந்ததை அடித்து வைத்திருந்தேன். 11, 32, 7, 20, 3, 26, 16. எல்லாம் நான் கல்லூரிக்குப் போன காலத்து டவுன் பஸ் நம்பர்கள். பார்த்ததும் சிரிப்பு வந்தது. நவநீதனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "ம்ம்" என்றான். பிசியாக இருந்திருப்பான்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

கடைமடைக்குப் போனேன், சென்னியப்ப மாமன் வீட்டுக்கு. அம்மாவின் தம்பி. அத்தை கறிக்குழம்பில் மிளகாயை அள்ளிப் போட்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன்.

மாமன் காட்டுக்குக் கூட்டிப்போனார். மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரம். இலையெல்லாம் சுருண்டு கிடந்தது.

"மார்கழி முறைக்குத் தண்ணி எட்டிக்கூடப் பாக்கல கண்ணு. இன்னொரு தண்ணி கெடச்சாத்தான் கதிரு. இல்லாட்டி மாட்டுக்குத்தான் அறுத்துப் போடோணும்."

"வந்திருக்குதுங்க மாமா. பெட்டீல பாத்தேனே. ஏழு நாளும் வந்துச்சுன்னு பச்சை டிக் போட்டிருக்குது."

"வந்தா எனக்குத் தெரியாதா?"

"நீங்க பாக்காத நேரமாப் பாஞ்சிருக்கும்ங்க. பெட்டி பொய் சொல்லாதுங்க மாமா. அதுல பொய் எழுதவே முடியாது."

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வயசானவர்களுக்கு மிஷின் என்றால் சந்தேகம்தான். கடைமடை ஆட்கள் யாரும் இந்தத் திட்டத்துக்கு ஒத்துவராதபோது, "எங்கக்கா புள்ள செய்யுது" என்று சொல்லி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினவர் இவர். இப்போது இவரே இப்படிச் சொன்னால் எப்படி?

கிளம்பும்போது மாமன் வீட்டுப் பெட்டியிலிருந்தே நிஜக் கணக்கைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். நவநீதன் எப்போது தருவது, நான் எப்போது முடிப்பது.

ஜனவரி 17, சனி

நிஜக் கணக்கை என் லேப்டாப்பில் ஏற்றினேன். அதில் என் சோதனைச் சாவிகள் செல்லாது. "உனக்கு இங்கே அனுமதி இல்லை" என்று எரர் வரும். வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று தனித்தாளில் நாலு வரி எழுதியும் வைத்துவிட்டேன்.

எரர் வரவில்லை.

ஓடியது. ஒரு முனகல் இல்லை. நாலு மடையும் எழுந்து உட்கார்ந்து கணக்கில் புதுவரி எழுத ஆரம்பித்துவிட்டன. இரண்டு வாரமாக எரர் எரர் என்று தலையில் அடித்துக்கொண்டவள், இன்று எரர் வராதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்துவிட்டு மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் ஓடியது.

நிஜ வாய்க்காலில் இருப்பது என் சோதனைச் சாவிகள். நாலு மடைக்காரர்களின் சாவி அல்ல. அவர்கள் வீட்டுப் பெட்டி வெறுமனே பச்சை விளக்கை எரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாலு சாவியையும் போட்டு வரி ஏற்றுவது எங்கள் சர்வர். சர்வரைப் பார்த்துக்கொள்வது நவநீதன்.

மறந்திருப்பான்.

ஜனவரி 18, ஞாயிறு

மறந்துதான் போயிருக்கிறான்! நான் சொன்னேனே.

போன் பண்ணினேன். நான் கத்துவதை முழுக்கக் கேட்டான். அப்புறம், "பெட்டி மாட்டப் போன அன்னிக்கு நாலு ஊர்லயும் கரண்ட் இல்ல வாணி. அவங்களும் அவசரப்படுத்துனாங்க. இப்போதைக்கு ஓடட்டும்னு உன் டெஸ்ட் சாவியப் போட்டுட்டு வந்தேன். அப்புறம் கல்யாணம், அது இதுன்னு... தப்புதான்" என்றான். குரல் உடைந்துவிட்டது. பாவமாக இருந்தது.

மாமன் சொன்ன தண்ணீர் விஷயத்தையும் கேட்டேன். அளக்கும் கருவியில் பாசி பிடித்துத் தப்பாகக் காட்டியிருக்கும் என்றான். இருக்கலாம், பாசி பிடிக்கும்.

அப்புறம் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். கல்லூரிக் கேன்டீன், முதல் வேலை கிடைத்தபோது மழையில் நனைந்தது, எல்லாம். ஒரு மணி நேரத்துக்கு மேல். கல்யாணத்துக்கப்புறம் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. "நீ இல்லாட்டி நான் என்ன பண்ணிருப்பேன்" என்றான்.

புதுச் சாவி நாலையும் என் லேப்டாப்பிலேயே உண்டாக்கி, என் லாக்கினில் நானே மாற்றிவிடச் சொன்னான். அந்தந்த மடையில் போய்ச் செய்வதுதானே முறை என்றேன். "மொதல்ல ஓட்டையை அடைப்போம். சபை முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேந்து நாலு மடைக்கும் போலாம்" என்றான்.

சேர்ந்து போகலாம் என்றான்.

ஜனவரி 19, திங்கள்

நாலு சாவியையும் மாற்றிவிட்டேன். பச்சைக் கலர் சுடிதாரை இஸ்திரிக்குப் போட்டேன்.

ஜனவரி 21, புதன்

விட்ட முறைக் கணக்கை ஓட்டினேன். விட்ட முறை யாருக்கும் இல்லை என்று வந்தது. கடைமடைக்கு மார்கழியில் ஏழு நாளும் தண்ணீர் போயிருக்கிறதாம். பாசி பிடித்த கருவி என்னதான் காட்டியிருக்கிறது பார்ப்போம் என்று அந்த ஏழு நாளைத் திறந்தேன்.

11, 32, 7, 20, 3, 26, 16.

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். அதேதான். என் டவுன் பஸ்கள்.

பாவி! பொய்யைக்கூடச் சொந்தமாகச் சொல்லத் துப்பில்லை. என் டெஸ்ட் டேட்டாவை எடுத்து அப்படியே ஊற்றியிருக்கிறான். என் மாமன் காட்டுக்குப் பாய்ந்தது நான் விளையாட்டுக்கு அடித்த நம்பர். அந்த நம்பரை வைத்துக்கொண்டுதான் "பெட்டி பொய் சொல்லாது" என்று அந்த மனுஷனிடமே வாயாடிவிட்டு வந்திருக்கிறேன், கறிக்குழம்பைத் தின்றுவிட்டு.

ஜனவரி 22, வியாழன்

ஆபீசுக்கு வரச் சொன்னேன். வந்தான். திரையைக் காட்டினேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"மொத நாள் நெஜமாவே அவசரத்துக்குத்தான் போட்டேன் வாணி. அப்புறம் ஒரு நாள் பேச்சுவாக்குல மாமனார்கிட்டச் சொல்லிட்டேன். பண்ணைக்குட்டை புதுசா வெட்டியிருக்காரு. கடைமடை முறைத் தண்ணீல நெரப்பணும்னாரு. ஒரே ஒரு முறைதான். எப்படி முடியாதுங்கறது?"

"எங்க மாமன் சோளம் காயுதுடா."

"அடுத்த வருசம் சேத்து விட்டுக்கலாம்."

"ஞாயித்துக்கெழமை சபைல சொல்லப் போறேன்."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னான்.

"என்னன்னு சொல்லுவ? சாவி எல்லாம் உன் லேப்டாப்புல. மாத்துனது உன் லாக்கின். பழைய சாவியும் நீ உண்டாக்குனது. தண்ணிக் கணக்கும் நீ அடிச்சது. இப்ப எங்கிட்ட ஒண்ணுமே இல்லயே வாணி. யாரப் புடிப்பாங்க?"

அந்த ஒரு மணி நேரப் போன் இதற்குத்தான். கேன்டீனும் மழையும் இதற்குத்தான். கழுத்தை நீட்டிக்கொண்டு நானே போய் நின்றிருக்கிறேன்.

அவன் போன பிறகு அழுதேன். ஆபீசுக்காக, ஆறு வருஷ உழைப்புக்காக அழுதேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

அம்மா, "ஏன் அம்மிணி மூஞ்சி இப்படி இருக்குது?" என்றாள். சளி என்றேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. மாமனின் சோளம் மட்டும்தான் போகும்.

ஜனவரி 25, ஞாயிறு

தலைமடைச் சமுதாயக்கூடம் நிறைய ஆட்கள். எல்லார் போனிலும் எங்கள் ஆப். லோகநாயகி டீச்சர் கணக்கைப் படித்தார். "நாலு மடைக்கும் முறை சரியாப் போயிருக்குதுங்க. விட்ட முறை யாருக்கும் இல்ல" என்றார். கடைமடைப் பக்கம் சலசலப்பு. ராசப்பன் எழுந்து, "ரெக்கார்டே சொல்லிருச்சுங்க டீச்சர். இன்னும் என்னுங்க பேச்சு, கலையலாமுங்க" என்றார். பக்கத்தில் நவநீதன். அதே நீலச் சட்டை.

எழுந்தேன்.

"அது தண்ணி இல்லீங்க டீச்சர். நான் டெஸ்ட்டுக்கு அடிச்ச நம்பருங்க."

யாருக்கும் புரியவில்லை. எப்படிப் புரியும்? இதில் பொய் எழுத முடியாது என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவளே நான்தான். அதனால் லேப்டாப்பைத் திறந்தேன்.

"எல்லாரும் போனப் பாருங்க. இப்ப தலைமடைல தண்ணி எவ்வளவு போகுதுங்க?"

"இருவத்தெட்டு இஞ்சு" என்றார் டீச்சர்.

நாலு சாவியையும் போட்டு ஒரு வரி எழுதினேன்.

"இப்பப் பாருங்க."

தலைமடையில் தண்ணீர் இல்லை, மூன்று நாளாக இல்லை என்று வந்தது. நாலு மடையும் சரி சொல்லி நாலு பச்சை. வெளியே வாய்க்கால் சலசலவென்று ஓடிக்கொண்டிருக்கிறது, கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிறது. ஆட்கள் போனைப் பார்ப்பதும் சன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

ராசப்பன்தான் முதலில் பேசினார். "அப்பப் பொய் எழுதறது இந்தப் புள்ளதான்னு ஆச்சுல்லீங்க?"

நவநீதன் எழுந்தான். மறுத்துச் சொல்லப் போகிறான் என்று, சத்தியமாக, ஒரு நொடி நினைத்தேன்.

"சாவி எல்லாம் வாணிகிட்டத்தான் இருக்குதுங்க. மார்கழிக் கணக்கும் அவங்க கம்ப்யூட்டர்ல அடிச்சதுதானுங்க. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க" என்றான். அவங்களாம். இத்தனை வருஷமாக நீ, வாடி, போடி. இன்று அவங்க.

கூடம் இரைந்தது. மேட்டுமடைக்காரர் ஒருவர் என் லேப்டாப்பைப் பிடுங்க வந்தார். கடைமடை ஆட்களே, "எங்க ஊருப் புள்ளயே எங்க தலைல மண்ணப் போட்டிருச்சே" என்றார்கள். மாமன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

டீச்சர் மேசையைத் தட்டினார். "யாரு எழுதுனாங்கன்னு அப்புறம் பாக்கலாம். மொதல்ல தண்ணி போச்சா இல்லையான்னு கடைமடைக்கே போய்ப் பாத்துட்டு வந்தர்லாம். வண்டிய எடுங்க."

எல்லாரும் போனார்கள். கடைமடை வாய்க்காலுக்குள் அருகம்புல் முளைத்து, ஆடு படுத்திருந்தது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? திரும்பும் வழியில் ராசப்பன் தோட்டம். பண்ணைக்குட்டை தளும்பத் தளும்ப நிறைந்து கிடந்தது. டீச்சர் வண்டியை நிறுத்தி, இறங்காமலே ஒரு பார்வை பார்த்தார். ராசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விட்ட முறை கடைமடைக்கு, புதன்கிழமை. பெட்டிகளை எல்லாம் கழற்றி என்னிடமே கொடுத்துவிடுவது. தண்ணீர் போய்ச் சேரும்வரை, தலைமடைக்குத் தண்ணீர் பிரியும் ஷட்டர் மூடியே இருக்க வேண்டும். அதற்குத் தலைமடை, கடைமடை இரண்டு தரப்பிலும் ஒவ்வொரு ஆள் காவல். போலீசுக்குப் போவதா என்று அடுத்த கூட்டத்தில் பேசுவார்களாம். போனால் என் பெயரில்தான் போவார்கள்.

தலைமடைக்கு ராசப்பன் தன் மருமகனைச் சொன்னார். கடைமடைக்கு யார் என்று டீச்சர் கேட்டார். மாமன் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"வாணி உக்காரட்டும்ங்க."

"அந்தப் புள்ளயா?" என்று நாலைந்து பேர்.

"தனக்குக் கெடுதல்னு தெரிஞ்சே எந்திரிச்சுச் சொல்லுச்சு. அது போதுமுங்க எனக்கு."

ஜனவரி 28, புதன்

விடிந்ததும் ஷட்டருக்குப் போனேன். நவநீதன் முன்னாடியே வந்து அக்கரைத் திண்டில் உட்கார்ந்திருந்தான். நான் இக்கரையில். நடுவில் மூடிய இரும்பு ஷட்டர், அதைத் தாண்டிக் கீழே கடைமடைக்கு ஓடும் தண்ணீர்.

அவன் எழுந்தால் நான் எழுந்தேன். நான் எழுந்தால் அவன். வெயில் ஏறியது. அத்தை கட்டிக் கொடுத்த தயிர்ச்சோற்றை ஷட்டரைப் பார்த்தபடியே சாப்பிட்டேன். அவனுக்குச் சாப்பாடு வரவில்லை. கொடுக்கக் கை நீண்டது, கொடுக்கவில்லை.

"எங்கிட்டத் தனியா ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமில்ல வாணி" என்றான். அவன் கேட்கிறான், என்னிடம்! பதில் சொன்னால் வாயில் என்ன வருமோ என்று தண்ணீரைக் குடித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மேல் மாமன் போன். "வந்திருச்சு கண்ணு! முழங்காலுக்கு நிக்குது!" பின்னால் அத்தை ஏதோ கத்துவது கேட்டது. "சரிங்க மாமா" என்று வைத்தேன்.

"தண்ணி போய்ச் சேந்திருச்சாமா?" என்றான் நவநீதன்.

"நீயே போய்ப் பாத்துக்க."

வண்டியில் போனால் பத்து நிமிஷம்கூட ஆகாது. அவன் வண்டியைப் பார்த்தான். ஷட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் திண்டில் மறுபடியும் உட்கார்ந்துகொண்டான். ஷட்டர் பக்கத்தில் என்னைத் தனியாக விட்டால் எதையாவது செய்து அவன் மேல் பழி போட்டுவிடுவேனாம், விட்டுப் போக அவனுக்கு நம்பிக்கை இல்லையாம். அவனுக்கு! என் மேல்!